காமாலைக்குக் கீழாநெல்லி போதுமா?

ஓசூர்ப் பக்கம் ஒருவருக்குக் கண் மஞ்சளித்தால், "எந்த ஊரில் மருந்து கொடுக்கிறார்கள்?" என்றுதான் முதலில் விசாரிக்கிறோம். "எந்த வைரஸ்?" என்று கேட்பவர் அரிது. மாணவர்களாகிய நீங்களாவது இக்கேள்வியைக் கேட்க வேண்டும் என்பேன்.

காமாலை என்பது நோயன்று, நோயின் அறிகுறி. கல்லீரல் பழுதுறும்போது பிலிருபின் என்னும் மஞ்சள் பொருள் இரத்தத்தில் தேங்குகிறது. பழுதுக்குக் காரணமான வைரஸ்களில் முக்கியமானவை ஏ, பி, சி, டி, ஈ என ஐந்து. ஏ-யும் ஈ-யும் மலம் கலந்த நீராலும் உணவாலும் பரவுபவை. கருவுற்ற பெண்களுக்கு ஈ உயிராபத்தானது. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் சில வாரங்களில் தானே அடங்கிவிடும். அதற்குள் எந்த இலையை அரைத்துக் குடித்திருந்தாலும், நல்ல பெயர் அந்த இலைக்குத்தான்! பி-யும் சி-யும் அப்படியல்ல. இரத்தம், தூய்மையற்ற ஊசி, உடலுறவு ஆகியவற்றாலும் தாயிடமிருந்து சேய்க்கும் தொற்றி, பலரிடம் கண்கூட மஞ்சளிக்காமல் ஆண்டுக்கணக்கில் தங்கிக் கல்லீரலை அரிக்கும், புற்றுநோயிலும் முடியலாம்.

கீழாநெல்லியை நான் இகழவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும், பி வைரஸைக் கண்டறிந்ததற்காக 1976-இல் நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்கும் சேர்ந்து 1988-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கீழாநெல்லி உட்கொண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் அவ்வைரஸின் அடையாளப் புரதம் மறைந்தது. மருந்தில்லாத குளிகை பெற்ற 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறு நேர்ந்தது. உலகமே வியந்தது. ஆனால் பிற நாடுகளில் சோதித்தபோது இம்முடிவு கிட்டவில்லை. அறிவியலில் ஒருமுறை பலித்தால் போதாது.

தண்ணீருக்கு வருவோம். 1955-56-இல் டெல்லியில் சாக்கடை நீர் குடிநீரில் கலந்து சுமார் 29,000 பேருக்குக் காமாலை கண்டது. குளோரினைக் கூட்டியதால் டைபாய்டு பெருகவில்லை, வைரஸோ தப்பிவிட்டது. அது ஈ வைரஸ் எனப் பின்னாளில் தெரிந்தது. பெங்களூரின் கழிவைச் சுமந்து வரும் தென்பெண்ணை, கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்க நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இரு மாநில அரசுகளும் பேசித் தீர்க்கட்டும். அதுவரை வீட்டிலும், தொழிலாளர்கள் நெருக்கமாகத் தங்கும் அறைகளிலும் குடிநீரைக் கொதிக்கவைத்தே ஆகவேண்டும்.

பி வைரஸுக்குத் தடுப்பூசி உண்டு. குழந்தை பிறந்த 24 மணி நேரத்திற்குள் போடவேண்டும். சி வைரஸைப் பெரும்பாலோரிடம் 12 வார மாத்திரைகளே ஒழித்துவிடுகின்றன. வீட்டில் யாருக்கேனும் நாட்டு மருந்தில் மஞ்சள் இறங்கியிருந்தாலும், பி, சி இரண்டுக்கும் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ், அதற்கென அமைந்த அரசு மருத்துவமனைகளில் சோதனையும் சிகிச்சையும் இலவசம்.