'த்ரீ நாட் த்ரீ': 100 வயதைத் தாண்டியும் இந்தத் துப்பாக்கி மேல் ஏன் இவ்வளவு பாசம்?

கெடார் பக்கம் பழைய தேர்தல்களைப் பார்த்த பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்க. பூத் வாசலில் நின்ற போலீஸ்காரர் தோளில் என்ன இருந்தது? 'த்ரீ நாட் த்ரீ' என்று டக்கென பதில் வரும். லீ-என்ஃபீல்டு என்ற நிஜப் பெயர் பலருக்கும் தெரியாது.

அது என்ன 303?

குழல் துளையின் விட்டம் 0.303 அங்குலம். அதுதான் பெயர்க் காரணம். 1895-ல் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு வந்தது. பிறகு மேற்கு வங்கத்தின் இஷாப்பூரிலும் தயாரானது.

ஏன் இன்னும் ரசிகர்கள்?

காரணம் சிம்பிள். ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் பக்கவாட்டில் உள்ள கைப்பிடியை (போல்ட்) கையால் இழுத்துத் தள்ள வேண்டும். காலித் தோட்டா வெளியே வரும், புதுசு உள்ளே போகும். பாகங்கள் குறைவு, பழுதும் குறைவு. மண், மழை, பனி எல்லாவற்றையும் தாங்கும். கனடாவின் வடக்குப் பனிப்பகுதியில் ரோந்து போகும் ரேஞ்சர்கள், சில ஆண்டுகளுக்கு முன்பு வரை இதைத்தான் வைத்திருந்தார்கள்.

அப்புறம் என்ன பிரச்னை?

ஒரு தடவைக்கு ஒரு குண்டுதான். 1962 சீனப் போரில் நம் வீரர்கள் கையில் இருந்தது பெரும்பாலும் இதுதான். அந்த அனுபவத்துக்குப் பிறகு ராணுவம் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் எஸ்.எல்.ஆருக்கு மாறியது. ராணுவம் கைவிட்ட 303 காவல்துறையில் தங்கிவிட்டது.

விலை? 2008 நவம்பர் 26, மும்பை சி.எஸ்.டி. ரயில் நிலையம். ஏ.கே-47 ஏந்திய 2 பேருக்கு எதிரே போலீஸாரிடம் இருந்தவை லத்தியும் 303-ம். அங்கே 50-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பிறகும் உத்தரப் பிரதேச காவல்துறை இதற்கு விடை கொடுக்க 2020 குடியரசு தினம் வரை ஆனது.

நாம் வாங்க முடியுமா?

முடியாது. 303 தடை செய்யப்பட்ட ரகம். சாதாரண லைசென்ஸில் கிடைக்காது. பொதுமக்களுக்காக அரசு ஆலைகள் தயாரிப்பது .315 ரைஃபிள். அதுவும் போல்ட் வகைதான்.

ஆக...

'நம்பகமானது' என்ற பாராட்டில் பொய் இல்லை. ஆனால் அதே பாராட்டுதான், மாற்றாமல் தள்ளிப்போடவும் வசதியான சாக்காகிப் போனது. பழைய பைக்கை ரசிப்பவர் ஷோரூமில் நிறுத்தி ரசிக்கலாம். துப்பாக்கி விஷயத்தில் ரசிப்பது நாம், அதோடு டியூட்டிக்குப் போனது ஒரு கான்ஸ்டபிள். 303-க்கு மியூசியத்தில் மரியாதை செய்வோம். காவலர் கைக்கு, எதிரில் நிற்பவனிடம் இருப்பதற்கு ஈடானது வேண்டும்.