மூலை சும்மா கிடக்கவில்லை

நியூஜெர்சியில் சிறிய சிற்றுண்டிக் கடை வைத்திருக்கும் என் அக்காள் மகன் போன வாரம் தொலைபேசியில் கூப்பிட்டான். காசு போட்டு விளையாடும் யந்திரங்கள் இரண்டைக் கடையில் கொண்டுவந்து வைக்க ஒருவர் முன்வந்திருக்கிறாராம். யந்திரம் அவருடையது, பழுது பார்ப்பதும் அவர் பொறுப்பு, வசூலில் பாதிக்குப் பாதி. "முதல் போட வேண்டாம், மாமா. மூலை சும்மாத்தானே கிடக்கு?" என்றான்.

வேண்டாம் என்றேன். "காலம் மாறிப்போச்சு மாமா, உங்களுக்குப் புரியாது" என்றான். புரிந்தவரைக்கும் எழுதுகிறேன், அவனும் படிக்கட்டும்.

இந்த விளையாட்டைச் சூதென்றும் பாவமென்றும் கூச்சல் போடுகிற கட்சியில் நான் இல்லை. பிள்ளைப் பிராயத்தில் ரயிலடியில் எடை பார்க்கும் யந்திரத்தில் காசு போட்டு, சீட்டில் அச்சடித்திருக்கும் ஜோசியத்தைப் படித்துப் பூரித்தவன்தான் நானும். நியூயார்க் மேயர் லா கார்டியா 1942-ல் 'பின்பால்' யந்திரங்களுக்குத் தடை போட்டார். சம்மட்டியால் அவற்றை உடைத்துப் புகைப்படமும் எடுத்துக்கொண்டார். 1976-ல் ரோஜர் ஷார்ப் என்ற இளைஞர் நகர சபையார் எதிரில், பந்து எந்த வழியாகப் போகும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு அடித்துக் காட்டினார். தடை நீங்கிற்று. சம்மட்டி தோற்றது, தோற்க வேண்டியதுதான். விளையாடுகிறவன் மேல் எனக்குக் கோபமே இல்லை. என் கவலையெல்லாம் கடைக்காரனைப் பற்றி.

வரும்படி வராது என்றும் சொல்ல மாட்டேன். 1972-ல் கலிபோர்னியாவில், சன்னிவேல் ஊரில், ஆண்டி காப்ஸ் என்ற மதுக்கடையில் அட்டாரி கம்பெனியார் 'பாங்' என்ற விளையாட்டை வெள்ளோட்டமாக வைத்தார்கள். சில நாளில் யந்திரம் மக்கர் செய்தது. அதைச் செய்த ஆல் ஆல்கார்ன் வந்து திறந்து பார்த்தால், காசுப்பெட்டி நிரம்பி வழிந்து அடைத்துக்கொண்டிருந்தது! என் மருமகன் இந்தக் கதையை எனக்கே சொல்லுகிறான்.

அவன் சொல்லாத கதை ஜப்பானில் நடந்தது. 1978-ல் டைட்டோ கம்பெனி 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டது. ஆட்டத்துக்கு 100 யென். காப்பிக் கடைக்காரர்கள் மேஜைகளைத் தூக்கிவிட்டு, திரை பதித்த விளையாட்டு மேஜைகளைப் போட்டார்கள். கண்ணாடி மேலேயே கோப்பையை வைத்துக்கொள்ளலாம். அந்த ஆட்டத்தின் சூட்சுமத்தைக் கவனியுங்கள். மேலேயிருந்து வரிசை வரிசையாகப் பகைவர்கள் இறங்குவார்கள். சுடச் சுட, எஞ்சியவர்கள் இன்னும் வேகமாக வருவார்கள். அத்தனை பேரையும் தீர்த்துவிட்டால் புதுப் படை வரும். ஆடுகிறவனுக்கு வெற்றி என்று ஒன்று கிடையாது. தோல்வியைத் தள்ளிப் போடலாம், அவ்வளவுதான். அவன் தோற்றால்தான் அடுத்த காசு விழும்.

காப்பிக் கடையின் தர்மம் இதற்கு நேர் எதிர். ஜப்பானியக் காப்பிக் கடையில் ஒரு கோப்பை வாங்கிவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருக்கலாம். அந்த உட்காருதலுக்கும் சேர்த்துத்தான் விலை. வந்தவர் தங்க வேண்டும் என்று கடைக்காரர் நினைக்கிறார். வந்தவர் சீக்கிரம் தோற்க வேண்டும் என்று யந்திரம் நினைக்கிறது. ஒரே மேஜைக்கு இரண்டு முதலாளிகள்! மறு வருஷமே, 1979 முடிவதற்குள், அந்த மோகம் தணிந்துவிட்டது. ஆட்டத்துக்காக வந்தவன் ஆட்டம் அலுத்ததும் போய்விடுவான். காப்பியின் ருசிக்கு அவன் என்றைக்கு வந்தான்?

சும்மா கிடக்கிறது என்கிறானே, அந்த மூலையைப் போன வருஷம் போயிருந்தபோது நானே பார்த்தேன். டாக்சி ஓட்டுகிற பெரியவர் ஒருவர் வேலை முடிந்து வந்து, நாலு இட்டிலியை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஊர்க்கதை பேசுவார். கொசுறாகக் கொஞ்சம் மிளகாய்ப் பொடியும் கேட்பார். நஷ்டக் கணக்குத்தான். சனிக்கிழமை வந்தால் அதே மனிதர் மகள், மாப்பிள்ளை, பேரன் பேத்தி என்று எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்பார். இந்த வரவை எந்தப் பேரேட்டில், எந்த மூலையின் பேரில் எழுதுவது?

"யந்திரம் வந்தா அவரை எங்கேடா உட்கார வைப்பே?" என்று கேட்டேன். சற்று நேரம் பேச்சில்லை. வெள்ளிக்கிழமைக்குள் யந்திரக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.