சனா இலையும் நம் குடலும்



இராமநாதபுரம், தூத்துக்குடி, திருநெல்வேலி வட்டாரங்களின் வறண்ட நிலங்களில் விளையும் நிலவாகை, உலகச் சந்தையில் 'தின்னவேலி சென்னா' என்று பெயர் பெற்றது. அரபு மண்ணுக்கும் சொந்தமான செடி அது. 'சனா' என்பது அரபுச் சொல். திர்மிதி, இப்னு மாஜா ஆகிய ஹதீஸ் தொகுப்புகளில் அதன் குறிப்பு இருப்பதால், நம் வீடுகளில் அதற்குத் தனி மரியாதை உண்டு. மரியாதை இருக்கட்டும். அதைப் பற்றிய அறிவும் வேண்டும் அல்லவா?

அந்த இலையின் மருந்துப்பொருள் சென்னோசைடு. சர்க்கரையோடு பிணைந்த பொருள் அது. இரைப்பையிலும் சிறுகுடலிலும் பெரும்பாலும் உறிஞ்சப்படாமல் பெருங்குடலைச் சென்றடைகிறது. அங்கே வாழும் நுண்ணுயிரிகள்தாம் அந்தப் பிணைப்பை அறுத்து, ரெயின் ஆந்த்ரோன் என்னும் வீரியமுள்ள பொருளாக அதை மாற்றுகின்றன. மருந்தை முடித்துத் தருவது நம் குடலில் குடியிருக்கும் அந்தச் சிற்றுயிர்களே, சுப்ஹானல்லாஹ்! ஆகவேதான் இரவில் உண்டது 6 முதல் 12 மணி நேரம் கழித்து வேலை செய்கிறது. ஆன்டிபயாடிக் உண்பவர்களுக்கு அதன் பலன் குறையக்கூடும். சிறு பகுதி குருதியில் கலந்து, கல்லீரலில் மாற்றமடைந்து, சிறுநீரில் வெளியேறும். சிறுநீர் மஞ்சளாகவோ செம்பழுப்பாகவோ தோன்றுவது அதனால்தான்.

கீழக்கரையில் என் சாச்சா பல மாதங்களாக இரவுதோறும் இப்பொடியை உண்டு வந்தார். இரத்த அழுத்தத்திற்காகச் சிறுநீர் பெருக்கும் மாத்திரையும் உடன் இருந்தது. இரண்டுமே உடலின் பொட்டாசியத்தை வெளியேற்றுபவை. ஒருநாள் ஃபஜ்ர் தொழுகைக்கு எழுந்தவர், கால்கள் தளர்ந்து விழுந்தார். மருத்துவமனையில், "வேறு என்ன மருந்து உண்கிறீர்கள்?" என்று கேட்டதற்கு, "ஒன்றுமில்லை" என்றே சொன்னார். பிறகு நான் கேட்டபோது, "அது மருந்தா தம்பி? இலைப்பொடிதானே!" என்றார்.

இந்தப் பதிலைத்தான் நான் குறை கூறுகிறேன், இலையை அன்று. குணப்படுத்தும் ஆற்றல் அதற்கு உண்டு என்று நம்புகிறோம். ஆனால் அதே ஆற்றல் தீங்கும் செய்யலாம் என்றால் ஏற்க மறுக்கிறோம். இது என்ன நியாயம்? இதயத்திற்கு டிஜாக்ஸின் உண்பவருக்குப் பொட்டாசியம் குறைவது உயிருக்கே ஆபத்து. மலச்சிக்கலுக்கு ஓரிரு வாரங்களுக்கு மேல் தேவைப்பட்டால், காரணத்தை மருத்துவர் ஆராய வேண்டும்.

ரமளானில் இன்னொரு கவனம் தேவை. வடையும் சமோசாவும் உண்டு வயிறு கட்டிக்கொண்டதும், சிலர் ஸஹரில் இப்பொடியை விழுங்குகிறார்கள். அது வேலை செய்யும் நேரமோ நோன்பின் நண்பகல். இழந்த நீரை எப்படி ஈடுசெய்வார்கள்? அவசியமானால் தராவீஹுக்குப் பின் உண்பது பொருத்தம். அதற்கு முன் தண்ணீரும் பழமும் போதுமா என்று பார்ப்பது இன்னும் பொருத்தம்.

சாச்சா நலமாக இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். மருத்துவரிடம் செல்லும் பைக்குள், மாத்திரைச் சீட்டோடு வீட்டிலுள்ள பொட்டலங்களையும் சாச்சி இப்போது எடுத்து வைக்கிறார்.