தூக்கம் வருது, விடத்தான் மாட்டேங்கிறாங்க

"எத்தனை நாளா தூக்கம் வரலம்மா?" என்று மருத்துவர் கேட்டார்.

"தூக்கம் நல்லாத்தான் வருது டாக்டர். தூங்கத்தான் விடமாட்டேங்கிறாங்க" என்றார் அம்மா.

மருத்துவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே சீட்டில் தூக்க மாத்திரை எழுதினார்.

படுத்த படுக்கையாக இருக்கும் பாட்டிக்குப் புண் வந்துவிடாமல் இரவில் 2 முறை எழுந்து திருப்பிப் படுக்கவைப்பவர் அம்மா. விடியற்காலை 4 மணிக்குக் குழாயில் வரும் தண்ணீரைப் பிடிப்பவரும் அவரே. பாட்டி பெற்ற மகனான என் அப்பா பக்கத்து அறையில் தூங்குவார். அவருக்குக் காலையில் வேலைக்குப் போக வேண்டுமாம். அம்மா அந்த மாத்திரையை ஒருநாளும் போடவில்லை. "நானும் மயங்கிக் கிடந்தா உங்க பாட்டிய யாரு பாக்குறது?" என்றார்.

அம்மாவுக்கு இருப்பதாகச் சொல்லப்பட்ட நோயின் பெயர் தூக்கமின்மை. எனக்கு இந்தச் சொல்லோடுதான் சண்டை.

தூங்குவதற்கு நேரமும் இடமும் இருந்தும் தூக்கம் வராவிட்டால்தான் மருத்துவம் அதை இன்சோம்னியா என்கிறது. வாரத்துக்கு 3 இரவுகளாவது அப்படி 3 மாதம் நீடித்தால் அது நாள்பட்ட நோய். தூங்க வாய்ப்பே கிடைக்காதவரின் நிலை வேறு. நாமோ இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டு மூடிவிடுகிறோம். 'இன்மை' என்பது ஒன்று இல்லை என்று மட்டும்தான் சொல்லும், அதை எடுத்துக்கொண்டது யார் என்று சொல்லாது. பழந்தமிழில் வறுமைக்கும் 'இன்மை' என்றே பெயர். அங்கும் பறித்தவரின் பெயர் இல்லை.

மற்றச் சொற்களையும் பாருங்கள். ஆண் விழித்திருந்தால் 'கண் முழிச்சு உழைக்கிறான்', 'ராத்திரி பகல் பாக்காம படிக்கிறான்'. பெண் விழித்திருந்தால் 'கண்டதையும் யோசிக்கிறா', 'போனை நோண்டிக்கிட்டே இருந்தா எப்படித் தூக்கம் வரும்?'. அவளே விடிந்த பிறகும் தூங்கிவிட்டால் 'வீடு விளங்குமா?'.

பெண்ணின் தூங்காத இரவை நம் இலக்கியம் நன்றாகவே அறியும். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அதற்குக் 'கண்துயில் மறுத்தல்' என்று பெயரே வைத்திருக்கிறது. ஆனால் அவள் காதலனை நினைத்து விழித்திருக்க வேண்டும். மாமியாருக்குத் துணி மாற்ற விழித்திருப்பவளுக்குத் திணையும் இல்லை, துறையும் இல்லை.

சட்டத்துக்கும் அவள் கண்ணில் படவில்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், இரவு 7 மணி முதல் காலை 6 மணி வரை பெண்களை ஆலையில் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. பாதுகாப்பு என்றார்கள். 2000இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்று தீர்ப்பளித்தது. இடைப்பட்ட 52 ஆண்டுகளும் பெண்கள் வீட்டில் இரவு வேலை பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். கூலி கிடைக்கும் இரவு மட்டும்தான் ஆபத்தாகத் தெரிந்தது.

2019ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லாத வீட்டு வேலை செய்யும் இந்தியப் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். அதே வேலையைச் செய்யும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடம். வெளியே வேலைக்கும் போகும் ஒரு பெண் மிச்ச நேரத்தை எங்கிருந்து எடுப்பாள்? தன் தூக்கத்திலிருந்துதான்.

உண்மையாகவே தூக்கம் வராமல் தவிக்கும் பெண்கள் உண்டு. மாதவிடாய் நிற்கும் காலத்தில் உடம்பு கொதித்து, வியர்த்து, நள்ளிரவில் எழுந்து உட்காருகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு வேண்டியது சிகிச்சை, உபதேசம் அல்ல. ஆனால் தூங்கவிடப்படாதவளுக்கு மாத்திரை கொடுப்பது, பட்டினி கிடப்பவளுக்குப் பசி மருந்து கொடுப்பதைப் போன்றது.

'அதெல்லாம் பாசத்தில் செய்வது' என்பார்கள். சரி, அந்தப் பாசம் ஏன் பக்கத்து அறைக் கதவைத் தட்டுவதே இல்லை?

தோழிகளே, இந்த நிலைக்கு நாம் வேறு பெயர் வைப்போம். தூக்கப் பறிப்பு என்று சொல்வோம். பறிப்பு என்றதும் பறித்தவர் யார் என்ற கேள்வி தானாக வரும். அடுத்த முறை ஒருத்தி தூக்கமில்லை என்று சொன்னால், வெதுவெதுப்பான பால் குடிக்கச் சொல்லாதீர்கள். "யார் உன்னைத் தூங்கவிடவில்லை?" என்று கேளுங்கள்.

நான் வீட்டிலேயே கேட்டுவிட்டேன். இன்றிரவு பாட்டியைத் திருப்பிப் படுக்கவைப்பது அப்பாவின் முறை.