ஞாயிறு இல்லாதவருக்கு மலை எதற்கு?

சியோலின் ஹேஹ்வா தேவாலயத்தில் ஞாயிறு மதியம் தகலோக் மொழியில் திருப்பலி நடக்கும். வெளியே நடைபாதையில் பிலிப்பைன்ஸ் சந்தை: அடோபோ, கருவாடு, ஊர் நூடுல்ஸ் பொட்டலங்கள். வாங்கிய பொட்டலத்தோடு கால் மணி நேரம் நடந்தால் நக்சான் பூங்கா. 1396இல் எழுப்பிய நகர மதிலை ஒட்டியே ஏறலாம். குன்று 125 மீட்டர்தான். வேலைக்கு வந்த பிலிப்பைன்ஸ்காரரின் மலைப் பழக்கம் இங்கே தொடங்கினால் வியப்பில்லை.

அடுத்தது புக்கான்சான் மலை. மெட்ரோவில் போய் இறங்கி நடக்கலாம். 836 மீட்டர் உயர பேகுண்டே உச்சிக்குக் கடைசிக் கட்டம் வழுக்குப் பாறை. இரும்புக் கயிற்றைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். வண்ண உடுப்பில் முந்திச் செல்லும் கொரியப் பாட்டிகளைப் பார்த்தால் இளைஞருக்கே வெட்கம் வரும். இறங்கி வந்தால், காலணித் தூசியைப் போக்கக் காற்றுக் குழாய் வைத்திருக்கிறார்கள். தேசியப் பூங்கா நுழைவுக் கட்டணம் 2007இலேயே ஒழிந்தது. பிலிப்பைன்ஸின் புலாக் மலைக்கோ அனுமதி, மருத்துவச் சான்று, வழிகாட்டி எல்லாம் வேண்டும்.

கொரிய மலைகளின் பசுமையும் தானாக வந்ததல்ல. கொரியப் போரில் பிலிப்பைன்ஸ் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களை அனுப்பியது. அவர்கள் பார்த்தவை பெரும்பாலும் மொட்டைக் குன்றுகள். 1973இல் தொடங்கிய மரநடவுத் திட்டம்தான் அவற்றைக் காடாக்கியது. மலையைப் பொதுச்சொத்தாக்க ஓர் அரசு முனைந்தால் முடியும் என்பதற்குக் கொரியாவே சாட்சி.

ஆனால் மலை ஏற ஒரு நாள் ஓய்வு வேண்டுமே! 2004 ஜூலையில் கொரியா வாரத்துக்கு ஐந்து நாள் வேலை முறையைத் தொடங்கியது. அடுத்த மாதமே வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான வேலை அனுமதித் திட்டமும் நடைமுறைக்கு வந்தது. இலங்கையும் அதில் ஆள் அனுப்புகிறது. அத்திட்டத்தின் இ-9 விசாவில் வருபவர் குடும்பத்தை அழைத்துவர முடியாது. முதல் மூன்றாண்டில் பணியிடத்தை மூன்று முறைக்கு மேல் மாற்ற இயலாது. அதற்கும் தக்க காரணம் காட்ட வேண்டும். வார விடுமுறை விஷயத்தில் முதலாளியோடு வாதாடும் துணிவு எங்கிருந்து வரும்?

பண்ணையில் வேலை செய்பவர் நிலை இன்னும் மோசம். தொழிலாளர் தர நிர்ணயச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, வேலை நேரம், இடைவேளை, வார ஓய்வு ஆகியவை பற்றிய விதிகளிலிருந்து விவசாயம், கால்நடை, மீன்பிடித் தொழில்களுக்கு விலக்கு அளிக்கிறது. பசுங்குடிலில் கீரை அறுப்பவருக்கு ஞாயிறு என்பது முதலாளியின் தயவு. பூங்காக் கட்டணத்தை நீக்கிய நாடு, முதலில் திருத்த வேண்டியது அந்தப் பிரிவைத்தான்.