கல்லறைக்குக் காவல் உண்டு, விற்கப்பட்டவனுக்கு ஒரு கல் உண்டா?

அமராவதி நகர்ப் பக்கத்து மில் தொழிலாளர் சிலரோடு நாம் பழவேற்காடு போய் வந்தோம். அங்கே டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய கல். உள்ளே கும்பினி உத்தியோகஸ்தர்களின் சமாதிகள். மத்திய சர்க்காரின் தொல்லியல் துறை அவற்றைப் பாதுகாக்கிறது. "என்ன நேர்த்தி பாருங்கள்!" என்றார் கூட வந்த பெரியவர். நேர்த்திதான். அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது?

ஹாலந்து வியாபாரிகள் 1602ல் கிழக்கிந்தியக் கும்பினியைத் தொடங்கினார்கள். 1613ல் பழவேற்காட்டில் கெல்திரியா கோட்டை எழும்பியது. அவர்களுக்கு வேண்டியது ஜாதிக்காயும் கிராம்பும். அவை விளைந்த கீழ்த்திசைத் தீவுகளின் ஜனங்கள் விரும்பி வாங்கியதோ நம் நெசவாளியின் துணி. இங்கே துணியை வாங்கு, அங்கே வாசனைச் சரக்காக மாற்று என்பதே கும்பினியின் கணக்கு. அதற்குப் பணியாத பாண்டா தீவு மக்களை 1621ல் கொன்று குவித்தார்கள். அந்தத் தோட்டங்களில் அடிமைகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள்.

நெசவாளியை மடக்கப் பீரங்கி தேவைப்படவில்லை. முன்பணம் போதும். கும்பினி தரகு வியாபாரிக்குக் கொடுக்கும். அவன் நெசவாளிக்குக் கொடுப்பான். துணி வந்ததும் தரம் பார்ப்பார்கள். இழை குறைந்தால் விலை குறையும், கழித்துவிட்டால் கடன் தலையில் நிற்கும்.

1659 முதல் 1661 வரை தஞ்சைச் சீமையில் படையெடுப்பும் பஞ்சமும். கஞ்சிக்கு வழியில்லாத ஜனங்களை நாகப்பட்டினம் முதலான துறைமுகங்களில் ஆயிரக்கணக்கில் வாங்கி, இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) கும்பினி கப்பலேற்றியது. பழவேற்காட்டிலிருந்தும் அடிமைக் கப்பல்கள் போயின. பிடித்துக் கொடுத்த தரகர்களில் நம் நாட்டவரும் உண்டு. அதை நாம் மறைக்க மாட்டோம்.

1825ல் பழவேற்காடு ஆங்கிலேயன் கைக்குப் போயிற்று. மலாய் நாட்டில் கைலியை இன்றும் பெலிக்காட் என்கிறார்கள். பழவேற்காட்டின் பெயர்தான் அது. நெய்தவன் பெயர் யாருக்கும் தெரியாது.

முன்பணம் மட்டும் போகவில்லை. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976ல் வந்தது. ஆனால் கரும்பு வெட்டப் போகிறவனை மேஸ்திரி எதைக் கொடுத்துக் கட்டினான்? நம் வட்டாரத்து நூல் மில்கள் பலவற்றில், "மூன்று வருஷம் ஹாஸ்டலில் இரு, கல்யாணத்துக்கு மொத்தமாகத் தருகிறோம்" என்று ஏழைப் பெண்களைக் கொண்டுவந்தார்களே, அதுவும் உழைப்பைப் பூட்டி வைக்கும் வித்தைதானே? அங்கே முதலிலேயே கொடுத்துக் கட்டினான். இங்கே கடைசியில் தருவதாகச் சொல்லிக் கட்டுகிறான்.

கும்பினியின் கணக்குப் புத்தகங்கள் ஹாலந்தின் ஹேக் நகரில் பத்திரமாக இருக்கின்றன. சர்க்கார் ஆளனுப்பிப் பார்க்கட்டும். எந்த வருஷம், எந்தக் கப்பலில், எத்தனை பேரை ஏற்றினார்கள் என்று தமிழில் வெட்டி, அந்தக் கல்லறை வாசலிலேயே ஒரு கல் நடட்டும்!