400 கஜ தூரம் போகத் திணறிய செய்தி!

அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில் பெர்க்லி என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஒரு பல்கலைக்கழகம். அதிலிருந்து 400 கஜ தூரத்தில் ஓர் ஆராய்ச்சிக் கூடம். இரண்டு இடத்துக் கம்ப்யூட்டர்களும் இணைக்கப்பட்டிருந்தன.

1986-ம் ஆண்டு அக்டோபர் மாதம். வினாடிக்கு 32 ஆயிரம் 'பிட்' வேகத்தில் போய்க்கொண்டிருந்த செய்தி, திடீரென்று 40 'பிட்' ஆகப் படுத்துவிட்டது. அதாவது, வினாடிக்கு ஐந்தே ஐந்து ஆங்கில எழுத்து! காகிதத்தில் எழுதி, நடந்துபோய்க் கொடுத்திருந்தால் சீக்கிரம் போயிருக்கும்.

காரணம் என்ன?

அந்த ஆராய்ச்சிக் கூடத்து விஞ்ஞானி வான் ஜேக்கப்சன் இதை ஆராய்ந்தார். மைக்கேல் கேரல்ஸ் என்பவருடன் சேர்ந்து 1988-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்.

கம்ப்யூட்டர் செய்தியைச் சிறு சிறு பொட்டலங்களாகப் பிரித்து அனுப்புகிறது. வழியில் நெரிசல் என்றால் சில பொட்டலங்கள் தொலைந்துபோகும். 'வந்து சேர்ந்தது' என்ற ரசீது வராததால், அனுப்பியவர் மறுபடியும் அனுப்புவார். எல்லாரும் இப்படியே அனுப்பினால்? திருவிழாக் கூட்டத்தில் பின்னால் நிற்பவர்கள் முண்டியடித்த கதைதான்!

அவர் சொன்ன மருந்து எளிது. முதலில் ஒரு பொட்டலம் அனுப்பு. ரசீது வந்தால் இரண்டு, பிறகு நான்கு. ஒன்று தொலைந்தால், உடனே குறைத்துக்கொள்.

படிப்பது எப்படி?

கம்ப்யூட்டர் இணைப்புத் தொழிலைக் கற்கிறவர்கள் இத்தகைய கட்டுரைகளையே நேராகப் படிப்பது உண்டு. பாடப் புத்தகம் "இப்படிச் செய்" என்று சொல்லும். ஏன் என்பது கட்டுரையில்தான் விளங்கும். ஆனால், அவை நிபுணர்கள் நிபுணர்களுக்காக எழுதியவை. புதியவருக்கு இரும்புக் கடலைதான்.

டெல்லி ஐ.ஐ.டி.யில் படித்த பேராசிரியர் கேசவ், 2007-ல் இதற்கு ஒரு வழி சொன்னார். ஒரு கட்டுரையை மூன்று தடவை படிக்க வேண்டும். முதல் தடவை, தலைப்பு, முன்னுரை, முடிவுரை மட்டும். பத்து நிமிடம் போதும். இரண்டாம் தடவை, படங்களைக் கவனித்து ஒரு மணி நேரம். மூன்றாம் தடவை, அந்த வேலையைத் தானே செய்வதுபோல் ஒவ்வொரு படியாக. புதியவருக்கு இதற்கு நாலைந்து மணி நேரம் பிடிக்கும் என்றார்.

காசு பெரிய தடையாக இருந்தது. அமெரிக்கக் கம்ப்யூட்டர் சங்கமான ஏ.சி.எம்., தான் 1951 முதல் 2000 வரை வெளியிட்டவற்றை 2022-ல் இலவசமாக்கியது. ஜேக்கப்சன் கட்டுரையும் அதில் அடக்கம்.

பாதிக் கதை

ஆனால், அந்த ஒரு கட்டுரையோடு நின்றுவிட்டால் பாதிக் கதைதான் தெரியும். பொட்டலம் தொலைந்தால் நெரிசல் என்று அது கணக்குப் போட்டது. கம்பி இல்லாத இணைப்பில், நெரிசல் இல்லாமலே பொட்டலம் தொலையும்! அங்கே வேகத்தைக் குறைப்பது வீண்.

2016-ல் கூகுள் ஆராய்ச்சியாளர்கள் ஐந்து பேர் வேறு முறை ஒன்றை வெளியிட்டார்கள். தொலைவதைப் பார்க்காதே, பாதையின் வேகத்தையும் பொட்டலம் போய்வரும் நேரத்தையும் அள என்றார்கள்.

அந்த ஐவரில் ஒருவர், அதே வான் ஜேக்கப்சன்!